வந்த விலை யாருக்குச் சொந்தம்?

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? நம் குடியிருப்பில் பாதிப் பேர் போயிருக்க மாட்டீர்கள். அங்கே ஒரு துண்டை விரித்துக் கைகளை மூடிக்கொண்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரல், எப்படி அழுத்துவது என்பதுதான் கணக்கு. வாய் மழையைப் பற்றிப் பேசும், விலை விரலில் ஓடும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. மாட்டை ஓட்டிவந்த சொந்தக்காரரின் கை அந்தத் துண்டுக்குள் இல்லாவிட்டால் அவருக்கும் புரியாது. தரகர் வெளியே வந்து சொல்வதுதான் விலை.

வீட்டுத் தரகில் துண்டு இல்லை, செல்பேசி இருக்கிறது. வாங்க நினைப்பவர் தரகரிடம் ஒரு தொகை சொல்கிறார். அந்தத் தொகை விற்பவரின் காதுக்கு அப்படியே போய்ச் சேர்கிறதா, குறைந்து போகிறதா, போகாமலே நின்றுவிடுகிறதா என்பது தரகர் ஒருவருக்குத்தான் தெரியும்.

செய்திமடல் குழுவினர் இந்தக் காலாண்டுக்கு "ஏதாவது வரலாறு எழுதுங்கள் சார்" என்று கேட்டார்கள். கோயில் வரலாறும் தெரு வரலாறும் எழுத நம் வளாகத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வரலாறு கணக்குப் புத்தகத்திலும் சட்டப் புத்தகத்திலும் இருப்பதுதான். நம் வளாகத்திலும் அவ்வப்போது வீடுகள் கைமாறுகின்றன. பிள்ளைகளோடு வெளியூர் போகும் பெரியவர்கள் விற்கிறார்கள், துபாயிலோ டல்லாஸிலோ இருந்துகொண்டு ஃபோனிலேயே விற்பவர்களும் உண்டு. ஆகவே வாங்க வருபவர் சொல்லும் விலையைத் தரகர் எப்படிக் கையாள வேண்டும் என்று உலகம் எப்போது, எப்படி முடிவு செய்தது என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். லண்டனில் உட்கார்ந்திருந்த சட்ட ஆணையம் 1866இல் வரைவு தயாரித்தது. இங்கே அரசப் பிரதிநிதியின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் அதைத் திருத்தி நிறைவேற்றினார். 1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறகு சரக்கு விற்பனை பற்றிய பகுதி 1930இலும், கூட்டாண்மை பற்றிய பகுதி 1932இலும் தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்து போயின. முகவர் பற்றிய 10ஆம் அத்தியாயம் அப்படிப் போகவில்லை. 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகள் இன்றும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்தத் தூக்கமும் நினைவிருக்கும்.

தூங்கியிருக்கக் கூடாத அத்தியாயம் அது. சட்டத்தோடு சேர்த்து எடுத்துக்காட்டுகளையும் எழுதும் வழக்கம் மெக்காலே தண்டனைச் சட்ட வரைவில் கொண்டுவந்தது. ஏ என்பவர், பி என்பவர் என்று குட்டிக் கதைகளாக இருக்கும். முகவர் அத்தியாயத்தில் வீடும் நிலமும்கூட இந்தக் கதைகளில் வருகின்றன. ஏ தன் நிலத்தை விற்கும்படி பி-யிடம் சொல்கிறார். பி தானே அதை வாங்கிக்கொள்கிறார், ஆனால் சி-யின் பெயரில். முக்கியமான விஷயத்தை பி மறைத்தார் என்றோ, விற்பனையால் தனக்கு நஷ்டம் என்றோ காட்ட முடிந்தால் ஏ அந்த விற்பனையை ஏற்காமல் தள்ளிவிடலாம் என்கிறது 215ஆவது பிரிவு. இன்னொரு கதையில், நிலத்தைச் சுற்றிப் பார்க்கும்போது அதில் ஒரு சுரங்கம் இருப்பதை பி கண்டுகொள்கிறார். அதைச் சொல்லாமல், "இதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்கிறார். ஏ சம்மதித்திருந்தாலும் பின்னால் உண்மை தெரிந்தால் விற்பனையைத் தள்ளலாம், கொள்ளலாம், அவர் விருப்பம். 216ஆவது பிரிவின் கதை வாங்குபவர் பக்கம். ஒரு குறிப்பிட்ட வீட்டை வாங்கித் தரும்படி ஏ கேட்கிறார். "அது கிடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டு பி தனக்கே வாங்கிக்கொள்கிறார். தெரிய வந்தால், பி கொடுத்த அதே விலைக்குத் தனக்கு விற்கும்படி ஏ கட்டாயப்படுத்தலாம்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார்கள் என்றால், அன்றைக்கே இது எவ்வளவு சாதாரணமாக நடந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

சட்டம் வந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. டி புஷ் எதிர் ஆல்ட், 1878. வீடு பற்றியதில்லை, கப்பல் பற்றியது. ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் மறக்க முடியாத வழக்கு. கப்பலை 90,000 டாலருக்குக் குறையாமல் விற்கச் சொல்லி உரிமையாளர் சீனாவிலிருந்த முகவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் ஜப்பானில் இருந்த ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் 90,000 டாலருக்குத் தானே வாங்கிக்கொண்டு, ஒரு ஜப்பானியப் பிரபுவுக்கு 1,60,000 டாலருக்கு விற்றுவிட்டார். "கேட்ட விலை கொடுத்துவிட்டேனே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்பதுதான் இப்படிப்பட்டவர்கள் எப்போதும் சொல்லும் நியாயம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த லாபம் உரிமையாளருடையது, கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் ஊரில் "உங்களுக்கு இவ்வளவு கையில் வந்தால் போதும்ல, மேலே வர்றதை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் தரகர்களைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரிந்து, நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால் அது வேறு. மேலே எவ்வளவு என்பது உங்களுக்குச் சொல்லப்படாமல் இருந்தால் அது அந்தக் கப்பல் கதைதான்.

விலையை மறைப்பதில் தரகருக்கு நேரடி லாபம் இருந்தால் புரிந்துகொள்வது சுலபம். லாபமே இல்லாமலும் விலை மறைந்து போகும் என்பதை நான் வங்கியில்தான் பார்த்தேன். நான் கடன் பிரிவில் இருந்த காலத்தில் விற்பவரும் வாங்குபவரும் முதன்முதலாக நேருக்கு நேர் உட்கார்வது பெரும்பாலும் எங்கள் கவுன்டர் முன்னால் இருந்த பெஞ்சில்தான். ஒருநாள் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தன் வீட்டை 39 லட்சத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்திருந்தார். வாங்குபவர் இளைஞர். பேச்சுவாக்கில், "எங்க மச்சான்தான் முதல்ல இந்த வீட்டைப் பார்த்தாரும்மா. தையிலேயே 42 சொல்லி அனுப்பினார். பதிலே வரலைன்னு வேற இடத்துல வாங்கிட்டார்" என்றார். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சொல் வந்து சேரவே இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த தொகையை இன்னொரு முறை படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். தரகர் வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்தபடி நின்றிருந்தார். கேட்டதற்கு, "அந்தப் பார்ட்டி சீரியஸ் இல்லைங்கம்மா" என்றார். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் சீரியஸா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த அம்மா.

இதன் பின்னால் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்கு 80 லட்சம் தருகிறேன் என்று ஒருவர் தயாராக இருக்கிறார், கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது. தரகு 1 சதவீதம் என்றால் தரகருக்கு 80,000 ரூபாய். இன்னொருவர் 83 லட்சம் என்கிறார், ஆனால் ஊரில் உள்ள நிலத்தை விற்ற பிறகுதான் பணம், ஒரு மாதம் ஆகும். உங்களுக்கு 3 லட்சம் கூடுதல். தரகருக்கு 3,000 ரூபாய்தான் கூடுதல். அந்த 3,000க்காகக் கையில் இருக்கும் 80,000ஐ ஒரு மாதம் ஆபத்தில் விடுவாரா? நல்ல மனிதர்கூட யோசிப்பார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குபவராக இருந்தால் இன்னும் யோசிப்பார். ஆகவே "விலை வந்தால் சொல்லியே ஆக வேண்டும்" என்ற கடமை, அவருடைய பைக்கு எதிராகவே நிற்கும் கடமை. வெறும் நல்லெண்ணத்தை நம்பி விட முடியாது என்பதால்தான் சட்டம் இதில் நுழைந்தது.

நேரடியாக இதே விஷயத்துக்கு வந்த வழக்கு கெப்பல் எதிர் வீலர். இங்கிலாந்தின் 1927ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தை விற்றுத் தரும்படி உரிமையாளர் ஒரு தரகு நிறுவனத்திடம் கொடுக்கிறார். 6,150 பவுண்டுக்கு ஒருவர் வருகிறார். "ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு உட்பட்டு" சரி என்று உரிமையாளர் சொல்லிவிடுகிறார். அதாவது வாய்ச் சம்மதம் ஆயிற்று, இன்னும் கட்டுப்படவில்லை. ஒப்பந்தம் எழுதுவதற்குள் இன்னொருவர் 6,750 பவுண்டு என்று வந்து நிற்கிறார். தரகர்கள் அதை உரிமையாளரிடம் சொல்லவே இல்லை. ஆள் கொண்டுவந்தோம், அவரும் சரி என்றார், நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியவில்லை என்றது. உரிமையாளர் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தம் ஏற்படும்வரை தரகர் அவருடைய ஆள்தான். அதுவரை வருகிற விலையை எல்லாம் சொல்லக் கடமைப்பட்டவர். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் 600 பவுண்டைத் தரகர்கள் நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும். அதே நேரம், அவர்கள் மோசடி எண்ணத்தோடு செய்யவில்லை, தப்பாகப் புரிந்துகொண்டு செய்ததுதான் என்பதால் அவர்களுடைய கமிஷனை மறுக்க முடியாது என்றும் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். தப்பு நடந்தது, அதனால் ஆன நஷ்டம் இவ்வளவு, உழைப்புக்கான கூலி தனி என்று இரண்டையும் இரண்டு பத்தியில் எழுதிக் கூட்டுகிற கணக்குப்பிள்ளையின் நியாயம் அது. மோசடி என்றால் கதை வேறு. ஒரு காரியத்தில் முறைகேடாக நடந்த முகவருக்கு அந்தக் காரியத்துக்கான கூலி கிடையாது என்று நம் 1872 சட்டத்தின் 220ஆவது பிரிவு சொல்கிறது.

இங்கே உங்களில் சிலர் கேட்பீர்கள்: முதலில் வந்தவர் பாவமில்லையா? 6,150க்கு சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கூட 600 வந்ததும் மாறலாமா? நல்ல கேள்விதான். வாக்கு மாறுவதா வேண்டாமா என்பது உரிமையாளரின் மனசாட்சி. இரண்டாவது விலையைச் சொல்வதா வேண்டாமா என்பதில் தரகருக்கு அப்படித் தேர்வு கிடையாது. விலையைக் கேட்டும் "இல்லை, முதலில் வந்தவருக்கே கொடுங்கள்" என்று சொல்லும் பெருந்தன்மை உரிமையாளருக்கு இருக்கலாம். விலையே தெரியாதவர் எப்படிப் பெருந்தன்மையாக இருப்பார்?

முதலில் வந்தவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி, டோக்கன் கொடுத்துவிட்டுக் காத்திராமல் சீக்கிரம் எழுத்தில் ஒப்பந்தம் போடுவதுதான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி விற்பனை ஒப்பந்தம் மட்டும் வீட்டில் உரிமை எதையும் கொடுத்துவிடாது. ஆனால் அதை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போடும் வழியைத் திறந்து வைக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. செலவாகிறது என்று பலர் சாதாரண முத்திரைத்தாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தரகர்களையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்களுடைய பக்கமும் வரலாற்றில் இருக்கிறது. லக்ஸர் எதிர் கூப்பர் வழக்கில் (1941 தொகுப்பு) இரண்டு திரையரங்குகளை வாங்க ஆள் கொண்டுவந்த தரகருக்கு 10,000 பவுண்டு கமிஷன் பேசப்பட்டிருந்தது. உரிமையாளர்கள் கடைசியில் அந்த ஆளுக்கு விற்கவில்லை. கமிஷன் கிடையாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எட்டு ஒன்பது நாள் வேலைக்கு லார்ட் சான்சலரின் ஓராண்டுச் சம்பளம் கிடைக்கும் என்றால், அந்த ஆபத்தையும் தரகர் ஏற்கத்தான் வேண்டும் என்ற பொருளில் ஒரு நீதிபதி எழுதினார். பத்து வீடு காட்டி ஒன்றும் முடியாமல் பெட்ரோல் காசு இழக்கும் நம் ஊர்த் தரகருக்கு லார்ட் சான்சலர் சம்பளம் பொருந்துமா என்பது வேறு.

நம் உச்ச நீதிமன்றம் பிறந்த 1950ஆம் ஆண்டிலேயே அதன் முன் ஒரு தரகு வழக்கு வந்தது. அப்துல்லா அகமது எதிர் அனிமேந்திர கிஷன் மித்தர். கல்கத்தாவில் ஒரு சொத்து. 1943இல் உரிமையாளர் தரகருக்கு ஒரு மாதக் கெடு கொடுத்து எழுதிய கமிஷன் கடிதம் சுவாரசியமானது. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆள் கொண்டுவந்தால் கூலி 1,000. ஒரு லட்சத்துக்கு மேல் 1,05,000 வரை எவ்வளவு கூடுதலாக வந்தாலும் அந்தக் கூடுதல் முழுவதும் தரகருக்கு. அதற்கும் மேலே போனால் அந்த மேல்தொகையில் கால் பங்கு. தரகரின் பையும் தன் பையும் ஒரே திசையில் போக வேண்டும் என்று அந்த மனிதர் பென்சிலும் தாளும் வைத்து உட்கார்ந்திருக்கிறார்! தரகர் கெடுவுக்குள் 1,10,000க்கு ஆள் கொண்டுவந்தார். உரிமையாளரோ பிறகு அந்தத் தரப்புக்கே 1,05,000க்கு விற்றுவிட்டு, தரகருக்கு ஒன்றுமில்லை என்றார். தரகருக்குக் கூலி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் சென்னையிலிருந்து போய்ப் பின்னாளில் தலைமை நீதிபதியான பதஞ்சலி சாஸ்திரியும் அந்த அமர்வில் இருந்தார்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் தெளிவானது. வீட்டுத் தரகர் பங்குச் சந்தைத் தரகரைப் போன்றவரில்லை. பேச்சு நடத்தி ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. உரிமையாளர் சார்பில் ஒப்பந்தத்தையே முடிக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் அதைத் தெளிவாகத் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். "நானே பேசி முடிச்சுட்டேன் சார்" என்று ஃபோன் வந்தால் பதற வேண்டாம், நீங்கள் முடிக்கும்வரை அது முடியவில்லை.

வெளிநாடுகளில் இந்தக் கடமையைப் பிறகு விதியாகவே எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில் 1908இல் சிகாகோவில் கூடிச் சங்கம் அமைத்த வீட்டுத் தரகர்கள், 1913இல் தங்களுக்கு ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டார்கள். இன்றைய வடிவில் அது, வரும் விலைகளையும் எதிர்விலைகளையும் தன் விருப்பு வெறுப்பைக் கலக்காமல் சீக்கிரமாகக் கட்சிக்காரரிடம் சேர்க்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 1979இல் தரகர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1991இல் அதன் கீழ் வந்த ஆணை, வந்த விலையை உடனுக்குடன் எழுத்தில் உரிமையாளருக்குத் தெரிவிக்காமல் இருப்பதைத் தகாத நடைமுறை என்றது. இல்லாத போட்டியாளரை இருப்பதாகச் சொல்லி விலை ஏற்றுவதும் அப்படியே. தன்னிடம் வீட்டுக் கடன் வாங்கச் சம்மதிக்காதவர் சொன்ன விலையை ஓரங்கட்டுவதையும் சேர்த்தார்கள். வங்கிக்காரனான எனக்கு அந்தக் கடைசி விதியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எல்லா ஊரும் ஒன்றுதான்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம் வந்தது. தரகர் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவில்லாத திட்டத்தின் வீட்டை விற்க உதவக் கூடாது, கணக்கு வைக்க வேண்டும், தரம் பற்றியும் அனுமதி பற்றியும் பொய் சொல்லக் கூடாது, புக்கிங் சமயத்தில் ஆவணங்களை எல்லாம் காட்ட வேண்டும் என்று அதன் 9, 10ஆம் பிரிவுகள் சொல்கின்றன. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது வீட்டு விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். எல்லாம் நல்லதே. ஆனால் அந்த 10ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். வந்த விலையை உரிமையாளரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பில்டர் புதிதாகக் கட்டி விற்கும் வீடுகளை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. அங்கே விலைப்பட்டியல் அச்சடித்து வைத்திருப்பார்கள். பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் விற்பதற்குத்தான் தரகருக்கும் பதிவு கட்டாயம். ரெராவுக்கு முன்பே கட்டி முடித்த நம்முடையது போன்ற பழைய குடியிருப்பில் ஒருவர் தன் வீட்டை மறுவிற்பனை செய்யும்போது, விலை வாய்வழியாகப் போய் வரும் அந்த இடத்தில், நமக்குத் துணை அதே 1872ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

அது போதுமா என்றால், எழுத்து இருந்தால் போதும். கெப்பல் வழக்கில் இரண்டாவது விலை எவ்வளவு, எப்போது வந்தது என்று நிரூபிக்க முடிந்ததால்தான் 600 பவுண்டு கிடைத்தது. அந்த ஆசிரியை அம்மாவிடம் இருந்தது பெஞ்சில் கேட்ட ஒரு வாய்ப்பேச்சு மட்டும்.

ஆகவே வீட்டை விற்கக் கொடுக்கும் முதல் நாளே தரகருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதிவிடுங்கள்: யார் எவ்வளவு சொன்னாலும், பணம் எப்படித் தருவார்கள் என்பதோடு அன்றன்றே எழுதி அனுப்பவும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நான், ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இது பொருந்தும், வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குவதாக இருந்தால் முன்பே சொல்லவும். நேர்மையான தரகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது என்பதையும் நீங்கள் அதே செய்தியில் எழுதிவிடுங்கள். அப்துல்லா அகமதுவைப் போல அவரும் அலையக் கூடாது. வாங்கும் பக்கம் நீங்கள் இருந்தாலும், நீங்கள் சொன்ன விலையை எழுதியே அனுப்பி, "உரிமையாளரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வசதிக்காகத் தரகர் பெயரிலேயே பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். துண்டுக்குள் இருக்கும் இரண்டு கையும் ஒருவருடையதாகிவிடும்.

இன்னொன்று, நமக்குள்ளேயே. முகவர் ஆவதற்குக் கூலி வாங்க வேண்டும் என்பதில்லை, 185ஆவது பிரிவு. "சும்மா ஒரு உதவிதான்" என்று பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டை விற்றுத் தரும் பொறுப்பை ஏற்கும் நண்பர்களும், சாவியை வாங்கி வைத்து வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டி விலையும் கேட்டு வைக்கும் செக்யூரிட்டி அண்ணனும் இதற்குள் வரக்கூடும். வாசலில் ஒரு நோட்டு வைத்து, விலைக்கு வீடு பார்க்க வருகிறவர்களின் பெயர், எண், தேதியை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று வரும் செயற்குழுவில் கேட்கப்போகிறேன். நான் மேலே சொன்ன நான்கு வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்து சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் மேலாளரிடம் வாங்கிக்கொள்ளலாம்.